நல்ல மூட்டையாக இருப்பது எப்படி

மார்க்கா பள்ளத்தாக்குக்குப் போகலாம் என்று தங்கச்சி சொன்னபோது நான் முதலில் என் வலது முழங்காலைத்தான் பார்த்தேன். வயது 54, மூட்டுத் தேய்மானம். மதுரையில் மாசி வீதிகளை ஒரு சுற்று சுற்றி வந்தாலே இரவு தைலக் குப்பியைத் தேடும் கால் அது. லடாக்கிலோ ஐந்து நாள், 60 கிலோமீட்டருக்கு மேல், கடைசி நாளில் 5,200 மீட்டரைத் தாண்டும் ஒரு கணவாய்.

"நீ நடக்க வேணாம்ணே, குதிரை இருக்கு" என்றாள்.

"குதிரையைக் கேட்டீங்களா மச்சான்?" என்றார் மாப்பிள்ளை. விளையாட்டாகத்தான் சொன்னார். அந்தக் கேள்வி ஐந்து நாளும் என்னோடு வந்தது.

போவதற்கு ஆறு மாதம் இருந்தது. 86 கிலோ இருந்தேன், 75-க்கு இறங்கினேன். அம்மா, "சக்கரை வந்துருச்சா?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். வேலை விஷயமாகச் சென்னையில் இரண்டு மாதம் தங்க நேர்ந்தபோது, ஞாயிறுதோறும் கடற்கரைப் பக்கம் ஒரு குதிரைப் பயிற்சி இடத்துக்குப் போனேன். முதல் நாளே விழுந்தேன். ஏறி உட்கார்ந்து பத்தடி போனதும் சேணம் என்னோடு சேர்ந்து பக்கவாட்டில் சரிந்தது. வயிற்றுவாரை இறுக்கும்போது சில குதிரைகள் மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும், பிறகு விட்டுவிடும், வார் தொளதொளத்துவிடும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் போனில் இருந்தார். அன்றிலிருந்து இதை விட்டதில்லை: வாரை இறுக்கு, குதிரையை இருபது அடி நடத்து, மறுபடி இறுக்கு, அப்புறம் ஏறு. அரை மணி கழித்து ஒருமுறை விரலை நுழைத்துப் பார். இரண்டு விரல் இடுக்கமாக நுழைய வேண்டும். மூன்று நுழைந்தால் தொளதொள, ஒன்றும் நுழையாவிட்டால் பாவம் அந்தக் குதிரை.

2023 ஆகஸ்டில் போனோம். லே ஊரே 3,500 மீட்டர் உயரம். அங்கே மூன்று நாள் சும்மா இருந்தோம். குதிரையில்தானே போகிறோம், எதற்கு இந்த ஓய்வு என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் குதிரையில் போகிறவருக்குத்தான் இது கூடுதல் அவசியம். நடக்கிறவரை மூச்சிரைப்பே நிறுத்திவிடும். உட்கார்ந்து போகிறவருக்கு அந்த எச்சரிக்கை கிடைக்காது, நோகாமல் உயரத்துக்குப் போய்விடுவோம். தலைவலி இரவில் வந்து மொத்தமாகக் கணக்குத் தீர்க்கும்.

ஸ்கியூ கிராமத்தில் குதிரைக்காரரைச் சந்தித்தோம். அறுபது வயது இருக்கும். லடாக்கியில் அண்ணனுக்கு 'ஆச்சோ', மரியாதைக்குப் பின்னால் ஒரு 'லே' சேர்க்க வேண்டும். ஆச்சோலே. வணக்கம், நன்றி, போய்வருகிறேன் எல்லாவற்றுக்கும் 'ஜூலே'. இந்த இரண்டு சொல்லும், என் ஓட்டை இந்தியும், அவருடைய அதைவிடச் சற்று நல்ல இந்தியும்தான் எங்கள் மொழி. அவரிடம் இரண்டு குதிரை, மூன்று கழுதை. குதிரைகள் ஸன்ஸ்காரி இனம். நம் ஊர்க் கல்யாணக் குதிரையைப் பார்த்துப் பழகியவருக்கு ஏமாற்றமாக இருக்கும், அவ்வளவு குட்டை. என் மார்பு உயரம்தான். ஆனால் மார்புக்கூடு அகலம், குளம்பு கெட்டி. எனக்கென்று விட்ட குதிரை சாம்பல் நிறம். தங்கச்சி உடனே 'விபூதி' என்று பெயர் வைத்துவிட்டாள். ஆச்சோலே அதுவரை எதற்கும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்து முதலில் கேட்டது, "எத்தனை கிலோ?" பெயர்கூடக் கேட்கவில்லை.

75 என்றேன். அவர் முகம் அப்படியே இருந்தது. சவாரி விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பரவலான கணக்கு. கிரேக்க நாட்டில் சுற்றுலாக் கழுதைகளுக்கு 2018-இல் இதையே விதியாக்கினார்கள், உச்சவரம்பு 100 கிலோ. இந்த மலைக்குதிரை 300 கிலோவைத் தாண்டாது. ஐந்தில் ஒன்று 60. சேணத்தையும் சேர்த்தால் நான் எல்லை தாண்டிய மூட்டை. ஆச்சோலே ஓர் ஒப்பந்தம் சொன்னார்: செங்குத்து ஏற்றத்திலும் எல்லா இறக்கத்திலும் நான் இறங்கி நடக்க வேண்டும், சமதரையிலும் ஆற்றிலும் மட்டும் சவாரி, மீதி நேரம் 52 கிலோ தங்கச்சி ஏறிக்கொள்ளலாம். முழங்காலுக்கு இறக்கம்தான் எதிரி என்று விளக்கப் பார்த்தேன். அவர் என் கையில் ஒரு தடியைக் கொடுத்தார். பேச்சு முடிந்தது.

பொதி ஏற்றுவதைப் பார்க்க வேண்டும், அது தனிக்கலை. குதிரைக்கு 50, 60 கிலோ, கழுதைக்கு 35, 40 என்று வைத்துக்கொண்டார். எடையைவிட அவர் அதிகம் கவலைப்பட்டது இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்பதில். கொக்கித் தராசில் ஒவ்வொரு பையையும் தொங்கவிட்டார். ஒரு பக்கம் கூடினால் ஒரு கல்லை எடுத்து மறுபக்கம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்யவில்லை. கூடின பக்கத்திலிருந்து ஒரு பொருளை எடுத்து மாற்றினார். கல்லைச் சுமப்பதும் கழுதைதானே. மாப்பிள்ளை சக்கரம் வைத்த பெட்டி கொண்டுவந்திருந்தார். அதை ஆச்சோலே பார்த்த பார்வையை மாப்பிள்ளை இன்னும் மறக்கவில்லை. பெட்டி அங்கேயே ஒரு வீட்டில் தங்கியது, துணிகள் கோணிக்கு மாறின. விலங்கின் மேல் ஏற்றும் எதுவும் மெத்தென்று இருக்க வேண்டும், கூர்முனை இருந்தால் துணியில் பொதிந்து வெளிப்பக்கம் பார்க்க வைக்க வேண்டும். இதை அன்று கேட்டுக்கொண்டேன், புரிந்தது மூன்றாம் நாள்.

சரி, சவாரிக்கு வருகிறேன்.

நடந்து போகிறவன் மலையைப் பார்ப்பதே இல்லை. அவன் பார்ப்பது தன் காலுக்கு முன்னால் இருக்கும் இரண்டடி. கல், சரளை, சாணம், மறுபடி கல். மலை பார்க்க வேண்டுமென்றால் நின்று தலையைத் தூக்க வேண்டும். குதிரையில் போகும்போது பாதையைப் பார்க்கும் வேலையைக் குதிரை எடுத்துக்கொள்கிறது, கண் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. ஊதாவும் துருச்சிவப்புமாகச் செங்குத்தாக மடிந்து நிற்கும் பாறைகள், அடியில் பச்சைத் துண்டாகப் பார்லி வயல், ஓரத்தில் முள்ளோடு ஆரஞ்சு நிறச் சிறுபழம் காய்த்த சீ-பக்தார்ன் புதர்கள். சரிவில் கல்லோடு கல்லாக நின்ற நீலச்செம்மறிகளை மாப்பிள்ளை கடைசிவரை பார்க்கவில்லை, நான் முதல் நாளே பதினொன்று எண்ணினேன். நடந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. வேகம் மனிதன் நடப்பதைவிட ஒரு மாற்றுத்தான் அதிகம். ஐந்து நாளில் ஒருமுறைகூட நாங்கள் ஓடவில்லை. ஓட வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

கண் இலவசம் என்றேன், ஆனால் முதல் நாள் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விபூதி பாதையின் நடுவில் போகாது. பள்ளத்துப் பக்க விளிம்பில்தான் போகும். என் இடது கால் அந்தரத்தில் தொங்கும், கீழே நூறு அடியில் மார்க்கா ஆறு. லகானை இழுத்து உள்பக்கம் திருப்பினேன், இரண்டு எட்டு வைத்துவிட்டு மறுபடி விளிம்புக்குப் போனது. ஆச்சோலே சிரித்துவிட்டு, தன் இரு கைகளையும் பொதிமாதிரி விரித்துக் காட்டி, பாறையில் இடிப்பதுபோல நடித்தார். அப்போதுதான் விளங்கியது. பொதி சுமந்து பழகிய விலங்கு அது. உள்பக்கம் போனால் மூட்டை பாறையில் மோதி அதையே பள்ளத்தில் தள்ளிவிடும். அதன் கணக்கில் நான் இன்னொரு மூட்டை. இதிலிருந்து, சவாரி செய்யாமல் இமயமலையில் நடப்பவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு: எதிரே பொதிவிலங்கு வந்தால் மலைப்பக்கம் ஒட்டி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை உங்களைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

மூட்டை என்று ஆன பிறகு எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நல்ல மூட்டைக்கு என்ன இலக்கணம்? ஆடக்கூடாது. ஒரு பக்கம் சாயக்கூடாது. இருக்கிற இடத்தில் இருக்க வேண்டும். ஆச்சோலே நாளுக்குப் பத்து முறை பின்னால் திரும்பி, "சீதா பைட்டோ" என்பார். நேராக உட்கார். வலது முழங்கால் மடங்கியிருக்க வலித்ததால் நான் என்னையறியாமல் இடப்பக்கம் எடையைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதும் நிமிர்வேன், பத்து நிமிடத்தில் மறுபடி சாய்வேன். இரண்டாம் நாள், கால் வைக்கும் அங்கவடியின் வாரை இரண்டு துளை நீட்டிவிட்டதும் வலி பாதியாகக் குறைந்தது. முழங்கால்காரர்கள் முதலிலேயே இதைச் செய்யுங்கள். அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டும் இருக்கட்டும். மலையேற்றக் காலணியின் தடித்த அடி அதில் சிக்கிக்கொள்ளும், விழுந்தால் குதிரை நம்மை இழுத்துக்கொண்டு போகும். நான் லேயில் ஒரு பழைய, அடி வழுவழுப்பான, குதி உள்ள காலணியைத் தேடி வாங்கினேன். ஏறுவதற்கு எப்போதும் ஒரு பாறைமேல் நின்றுகொண்டேன். தரையிலிருந்து தொங்கி ஏறினால் சேணமும் குதிரையின் முதுகும் சேர்ந்து முறுக்கப்படும். தையல் உள்தொடையில் வராத கால்சட்டை போடுங்கள். இதற்கு மேல் விவரம் வேண்டாம், மூன்றாம் நாள் தேங்காயெண்ணெய் தீர்ந்துபோனது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஆறு. பாலம் இல்லாத இடங்களில் மார்க்கா ஆற்றை அப்படியே கடக்க வேண்டும். பனியாறு உருகி வரும் தண்ணீர், காலையில் முழங்காலளவு இருப்பது மாலையில் தொடையைத் தாண்டும், அதனால் கடப்பது எல்லாம் மதியத்துக்குள். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று மாப்பிள்ளை சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். (அது குதிரையே அல்ல, ஆற்று மணல்திட்டான 'மண் குதிர்' என்று தமிழ் ஐயா சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன். ஆற்று நடுவில் இந்தத் திருத்தம் தேவையில்லைதான்.) தண்ணீரைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் ஆறு நின்று நாம் பக்கவாட்டில் பறப்பதுபோலத் தலை சுற்றும். எதிர்க்கரையில் ஒரு கல்லைப் பிடித்து அதையே பார்த்துக்கொண்டு, லகானைத் தளர்த்தி, பிடரிமயிரில் ஒரு கை. நடு ஆற்றில் விபூதி ஒரு நொடி நின்று, முன்காலால் அடியைத் துழாவி, அப்புறம் அடுத்த எட்டு வைத்தது. அந்த ஒரு நொடியை என் தொடை வழியாக நான் உணர்ந்தேன். இத்தனை வருடம் கார் ஓட்டியிருக்கிறேன், ஒரு வண்டி யோசிப்பதை உட்கார்ந்த இடத்தில் உணர்ந்ததில்லை.

இரண்டாவது முறை விழுந்தது என் முட்டாள்தனம். மழை குறைவான நாடு லடாக், ஆனாலும் மார்க்கா கிராமத்துக்கு முன்னால் தூறல் பிடித்தது. குதிரைமேல் உட்கார்ந்தபடியே பையிலிருந்து மழைக்கோட்டை உதறி எடுத்தேன். பிளாஸ்டிக் படபடத்த சத்தத்துக்கு விபூதி ஒரு தாவு தாவியது. நல்லவேளை, ஆற்றுமணல். குதிரைக்கு நேர் பின்னால் கண் தெரியாது. முதுகுக்குப் பின்னால் ஏதோ சிறகடித்தால் அதற்கு அது புலிதான். பயம் வந்தால் ஓடுவதற்காகவே படைக்கப்பட்ட உடம்பு. கோட்டு, கேமரா, தண்ணீர்க்குப்பி எதுவானாலும் இறங்கி எடுங்கள். இன்னொன்று, நடக்கிறவர்களைவிட ஒரு சட்டை கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வியர்க்கும், நமக்குக் கால்விரல் மரத்துப்போகும்.

அதே படபடப்புக்குக் கழுதைகள் என்ன செய்தன என்பதுதான் வேடிக்கை. மூன்றும் அப்படியே நின்று, காதுகளை என் பக்கம் திருப்பி, என்னை நிதானமாகப் பார்த்தன. குதிரை பயந்தால் ஓடும், கழுதை பயந்தால் நிற்கும். வைகைக் கரையில் துணிப்பொதி சுமந்த கழுதைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். கழுதை என்றால் பிடிவாதம் என்று கேள்வி கேட்காமல் நம்பியிருந்தேன். முன்னால் போகும் பெட்டைக் கழுதைக்குத் தங்கச்சி வைத்த பெயர் 'எச்.எம்.' பள்ளிக்கூட வாத்தியாரம்மா அவள், அவளுக்குத் தெரியும். மரப்பாலம் ஒன்றின் முன் எச்.எம். நின்றுவிட்டது. முன்னால் இழுத்தோம், பின்னால் தள்ளினோம், மாப்பிள்ளை பிஸ்கட் காட்டினார். ஆச்சோலே ஒரு கல்லில் உட்கார்ந்து, வெந்நீர்க் குடுவையைத் திறந்து, எங்களுக்கும் வெண்ணெய்த் தேநீர் ஊற்றினார். இருபது நிமிடம் போனது. எச்.எம். பாலத்தை முகர்ந்தது, ஒரு காலை வைத்து எடுத்தது, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல நடந்து போய்விட்டது. பலகையில் ஏதாவது உடைந்திருக்கும் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. அது ஏன் நின்றது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் தச்சுங்ட்சே ஏற்றத்தில் மறுபடி நின்றது. நான் கல் தேடி உட்காரப் போனேன். இந்த முறை ஆச்சோலே உட்காரவில்லை. நேராகப் போய்ப் பொதியை இறக்கினார். எங்கள் அடுப்பின் இரும்புக்கால் கோணிக்குள் திரும்பி விலாவில் குத்திக்கொண்டிருந்தது. காலையில் காப்பி போட்டுவிட்டு அவசரத்தில் அதைத் துணி சுற்றாமல் உள்ளே திணித்தது நான்தான். முந்தைய நிறுத்தத்துக்கும் இந்த நிறுத்தத்துக்கும் என் கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். காதுகளைக் கையால் நடித்துக் காட்டினார். பாலத்தில் முன்னால் நீட்டியிருந்தன, இங்கே பின்னால் மடிந்திருந்தன.

அன்றிலிருந்து தங்கச்சிக்குச் சவாரி கொடுத்துவிட்டு நான் அதிகமும் எச்.எம். பக்கத்தில் நடந்தேன். கழுதையோடு நடப்பது குதிரைச் சவாரியிலிருந்து வேறு சுகம். அதன் வேகம் என் முழங்காலின் வேகம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிற்கும், ஒரு முள்செடியைக் கடிக்கும், நமக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். அதற்குக் கூட்டாளி முக்கியம், மூன்றில் ஒன்று பின்தங்கினால் மற்ற இரண்டும் நகராது. மழையில் நனைந்தால் குதிரையைவிடச் சீக்கிரம் நடுங்கும், அதன் ரோமத்தில் தண்ணீர் வழியாமல் ஊறிவிடும். தூறல் நின்றதும் ஆச்சோலே முதலில் துடைத்தது கழுதைகளைத்தான்.

இரவில் விலங்குகளை முன்னங்கால்களில் தளை போட்டு மேய விடுவார். கழுத்துமணிச் சத்தம் கூடாரத்தைச் சுற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கும், தூக்கம் வரும் வரை நல்ல துணை. காலையில் பார்த்தால் மணியும் இல்லை, குதிரையும் இல்லை. தளையோடே குதித்துக் குதித்து அடுத்த மலைக்குப் போயிருக்கும். நிமாலிங்கில் ஆச்சோலே அவற்றைத் தேடிவர இரண்டரை மணி நேரம் ஆனது. 4,800 மீட்டர் உயரம், புல்வெளி, எதிரே காங் யாட்ஸே பனிமுடி, கோடைக்கு ஆடு ஓட்டிவந்த குடும்பங்களின் கல்குடிசைகள். ஒரு பாட்டி தயிர் கொடுத்தார். எட்டு மணிக்குக் கிளம்புவோம் என்று சொன்னால் அது பத்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த இரண்டரை மணியில் எரிச்சல்படுவதா தயிர் சாப்பிடுவதா என்பது உங்கள் பாடு. குதிரைக்காரருக்குக் கூலி பேசும்போது அவர் வெறும் விலங்குகளோடு ஊர் திரும்பும் நாட்களுக்கும் சேர்த்துப் பேசுங்கள். அது வழக்கம், நியாயமும்கூட.

கோங்மாரு லா கணவாய்க்குக் கடைசி ஏற்றம் முழுக்க நடந்தேன். பத்து எட்டு, ஒரு நிறுத்தம். முன்னால் எச்.எம்.மும் அதே கணக்கில்தான் போனது. 5,260 மீட்டரில் பிரார்த்தனைக் கொடிகள் அறைந்துகொண்டிருந்தன, விபூதி அந்தப் படபடப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. பழகிய படபடப்புபோல. இறக்கம் குறுகிய மலையிடுக்கு, ஓடையை எத்தனை முறை கடந்தோம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். தடியை ஊன்றி ஊன்றி, சபித்துச் சபித்து இறங்கினேன்.

ஷாங் சும்டோவில் ஜீப் நின்றது. பொதிகளை இறக்கியதும் கழுதைகள் மூன்றும் புழுதியில் மல்லாந்து புரண்டன. ஆச்சோலே விபூதியின் சேணத்தைக் கழற்றி, வியர்வையை ஒரு கோணியால் துடைத்து, முதுகை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டே வந்தார். முதுகுத்தண்டுக்கு இடப்பக்கம் ஓரிடத்தில் அழுத்தியபோது தோல் வெடுக்கென்று சுருங்கியது. ரூபாய் நாணயம் அளவுக்கு ரோமம் தேய்ந்து, தோல் சிவந்திருந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "சீதா பைட்டோ" என்றும் சொல்லவில்லை. மேலங்கியிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து, சேணத்துக்கு அடியில் போடும் கம்பளத்தை விரித்து, அந்த இடத்துக்கு நேராக ஒரு வட்டத்தை அளந்து வெட்ட ஆரம்பித்தார். புண்ணின் மேல் கம்பளம் படக்கூடாது. நான் கம்பளத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.